குடும்பத்தோடு இருப்பதற்காக விலகுகிறார்

1

அன்று திங்கட்கிழமை. மகனைப் பள்ளியில் இறக்கிவிட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ஒருவரும் தங்கள் இடத்தில் இல்லை. எல்லாரும் காபி வைத்திருக்கும் மூலையில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ விபத்து என்று நினைத்தேன். கணினியைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கம்பெனியின் உச்சியில் இருந்தவர்களில் மூன்று பேர் ஒரே நாளில் விலகுகிறார்கள் என்று தலைமை அலுவலகம் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது.

பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரிந்த கம்பெனிதான். சொல்ல வேண்டாமென்று வைத்திருக்கிறேன். புத்தாயிரம் பிறந்த மறு வருஷம் அது. கலிபோர்னியாவில் எங்கள் பக்கம் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கிய காலம்.

விலகும் மூவரில் ஒருவர் 'புதிய சவால்களைத் தேடி'ப் போகிறாராம். இன்னொருவர் ஓய்வு பெறுகிறாராம். மூன்றாமவர் டெனிஸ், எங்கள் பிரிவின் துணைத் தலைவர். 'குடும்பத்தோடு அதிக நேரம் செலவிடுவதற்காக' அவர் விலகுவதாக எழுதியிருந்தது.

நான் அதை அப்படியே நம்பினேன். நான் பிறந்து வளர்ந்த வியாசர்பாடியில் ஓர் ஆண் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறான் என்றால், அந்த வீட்டில் யாரோ படுத்த படுக்கையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவனே படுத்திருக்க வேண்டும். டெனிஸுக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. மனைவிக்கு என்னவோ, பிள்ளைகளில் ஒன்றுக்கு என்னவோ என்று மனம் அடித்துக்கொண்டது. வேலைக்கான நேர்காணலில் என் ஆங்கிலம் தடுமாறியபோது, மெதுவாகப் பேசு, அவசரமில்லை என்று சொன்ன மனிதர் அவர். இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான என் பச்சை அட்டை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அலுவலகம் அந்தச் செய்தியை வாங்கிக்கொண்ட விதம் எனக்கு விளங்கவில்லை. செயலாளர் லிண்டா மட்டும் அழுதாள். சிலர் நொடிக்கொரு தரம் பங்கின் விலையைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு பேர் மதியம் பீர் குடிக்கக் கிளம்பினார்கள். துக்கத்துக்கா சந்தோஷத்துக்கா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பிற்பகலில் தலையணை அகலத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை சுற்றி வந்தது. எல்லாரும் டெனிஸுக்கு ஒரு வரி எழுத வேண்டும். மற்றவர்கள் 'கலக்குங்கள்', 'கோல்ஃப் மைதானத்தில் சந்திப்போம்' என்று எழுதியிருந்தார்கள். நான் யோசித்து யோசித்து, 'உங்கள் வீட்டில் இருப்பவர் சீக்கிரம் குணமடைய வேண்டிக்கொள்கிறேன்' என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன்.

அடுத்து அட்டையை வாங்கிய பாஸ்கர் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அய்ய, அது இவனுங்க பாஷை. துரத்திட்டானுங்கன்னு அர்த்தம்," என்றான்.

2

பாஸ்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பரிசோதனைக் குழுவில் பதினொரு பேர். நான் சேர்ந்த முதல் வாரம், அச்சு இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒருவன் "சொம்மா பேஜாரு பண்ணிகினே கீது" என்று தனக்குத்தானே முனகினான். எங்கள் வட சென்னைப் பேச்சு. "எந்தூரு?" என்று கேட்டேன். "புளியந்தோப்பு," என்றான். வியாசர்பாடியில் எங்கள் வாரியக் குடியிருப்பு பிளாக்கிலிருந்து நாலு பஸ் ஸ்டாப் தூரம். அங்கே ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

பொறியியல் கல்லூரி விடுதியில் நான் முதல் நாள் "இன்னா" என்று சொன்னதற்கு அறையிலிருந்த மூன்று பெண்களும் சிரித்தார்கள். சினிமாவில் அடியாள் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். ஒரே மாதத்தில் நான் 'என்ன'வுக்கு மாறினேன். 'கீது' போய் 'இருக்கு' வந்தது. பிறகு மதுரைக்காரரான முரளியைக் கல்யாணம் செய்துகொண்டு, இந்த நாட்டுக்கு வந்து, அந்தப் பேச்சையே பேசாமல் வருஷங்கள் போயின. பாஸ்கரிடம்தான் அது மறுபடி வாயில் வந்தது. அலுவலகத்தில் எங்கள் இரண்டு மேசைகளுக்கு நடுவில் மட்டும் ஒரு சின்ன வியாசர்பாடி இருந்தது.

அவன் மனைவி ரேவதி, மகள் யாழினி. யாழினியும் என் மகன் கதிரும் ஒரே வகுப்பு. இரண்டும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்ளும். நானும் பாஸ்கரும் பேசுவதைக் கேட்டுவிட்டு, நீங்கள் ஏன் எப்போதும் சண்டை போடுகிறீர்கள் என்று கதிர் ஒருநாள் கேட்டான். சண்டை இல்லையடா, தாத்தா வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள் என்றேன். அப்படியென்றால் தாத்தா வீட்டில் எல்லாரும் கோபக்காரர்களா என்று கேட்டான்.

இந்த நாட்டில் என் பெயரும் கொஞ்சம் வேடிக்கையாகிவிட்டது. விசா படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார்கள். அப்பாவின், எங்கள் பேச்சில் நைனாவின், பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து வங்கியும் மருத்துவமனையும் பள்ளியும் என்னை முனுசாமி என்றுதான் கூப்பிடுகின்றன. 'அன்புள்ள திரு. முனுசாமி' என்று தபால் வரும். நைனாவுக்குச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் சிரித்தார். எண்ணூர் ரோட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனியில் மண் இடித்தவனுக்கு அமெரிக்காவில் கடுதாசி வருதா என்றார்.

3

செவ்வாய்க்கிழமை லிண்டா வந்து, டெனிஸ் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். அட்டையில் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று பயந்துகொண்டே போனேன்.

அறையில் அட்டைப்பெட்டிகள் பாதி நிரம்பியிருந்தன. என் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, மின்னஞ்சலைப் படித்து நானாக நினைத்துக்கொண்டேன், தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருநூறு பேர் எழுதியிருக்கிறார்கள், என் வீட்டைப் பற்றிக் கேட்டது நீ ஒருத்திதான் என்றார்.

பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

தன் வீட்டில் எல்லாரும் நலம், தன்னைப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றார். மேலே ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். இந்தக் காலாண்டு முடிவதற்குள் உங்கள் பரிசோதனைக் குழுவை முழுதாக மூடப் போகிறார்கள். பதினொரு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் வேறு பிரிவில் இடம். அதில் ஒன்று உனக்கு. உன் விண்ணப்பம் நடுவில் நிற்கிறது என்று நான்தான் சொல்லி வாங்கினேன். இது வெளியே போனால் எனக்குத் தருவதாகச் சொன்ன பணத்தைத் தர மாட்டார்கள். உன் இடமும் போய்விடும். யாரிடமும் சொல்லக் கூடாது.

இவ்வளவையும் மெதுவாகத்தான் சொன்னார். நான் நன்றி சொன்னேன். இன்னொரு இடம் யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டால் பாஸ்கர் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். பிறகு தெரிந்தது, அது லிண்டாவின் உறவுக்காரப் பையனுக்கு.

வீட்டுக்கு வந்து முரளியிடம் சொன்னேன். அவர் என் விசாவைத் தொற்றிக்கொண்டு வந்தவர். இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி கிடையாது. ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கே கதிரைப் பார்த்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். பச்சை அட்டை வந்தால்தான் அவருக்கு விடிவு. சாப்பிட்டு முடித்துக் கையலம்பும்போது சொன்னார்: "நம்ம பேப்பர் வர்ற வரைக்கும் வாயத் திறக்காத. பாஸ்கர் கெட்டிக்காரன், எங்கயும் பொழச்சுக்குவான்."

அது உண்மைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

அந்த வாரக் கடைசியில் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி இரண்டு தடவை அடித்து நின்றது. அது நைனா. அவர் இரண்டு தடவை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார், நான் திருப்பிக் கூப்பிட வேண்டும்.

டீக்கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படித்திருக்கிறார்கள். உன் பெண் வேலை செய்கிற கம்பெனியில் மூன்று பெரிய ஆட்கள் போய்விட்டார்களாமே என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களாம். பிளாக்கில் பாதிப்பேர் என் வேலை போய்விட்டதென்றே முடிவு கட்டி, அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள்.

"ஒரு பெரியாளு போனா அவன் கத. மூணு பேரு ஒண்ணா கெளம்பினா நம்ம கத," என்றார் நைனா. "உள்ள இன்னா நடக்குதுன்னு உனுக்குத் தெரியுமா கண்ணு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது நைனா," என்றேன்.

அவரிடம் அப்படிச் சொன்னது ஏன் இவ்வளவு கனத்தது என்பதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

நான் ஒன்பதாவது படித்தபோது, நைனா வேலை செய்த வார்ப்புக் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் விலகினார். பெரிய மனிதர், பம்பாய்க்கு மாற்றலாகிப் போகிறார் என்றுதான் சொன்னார்கள். தொழிலாளர்கள் ஆளுயர மாலை போட்டு வழியனுப்பினார்கள். மைக்கில் பேசியது நைனாதான். நம் கஷ்டம் தெரிந்த துரை என்று பேசினாராம். அந்த விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டவர்களில் ஆபீஸ் டைப்பிஸ்ட் சுந்தரமும் ஒருவர். எங்கள் பிளாக்கில் எங்களுக்கு மேல்மாடி.

சரியாக இரண்டு வாரம் கழித்து, முதல் ஷிப்டுக்குப் போனவர்கள் கேட்டில் கம்பெனியை மூடுவதாக ஒரு நோட்டீசைப் பார்த்தார்கள். ஆங்கிலம். நைனாவுக்குப் படிக்க வராது. ஆனால் சுந்தரத்தின் டைப் மிஷினில் ஓர் எழுத்து எப்போதும் சாய்ந்து விழும். லீவு நோட்டீசு, ஓவர்டைம் நோட்டீசு எல்லாவற்றிலும் பார்த்துப் பழகிய சாய்வு. அது கேட்டில் இருந்த தாளிலும் இருந்தது. கீழே போட்டிருந்த தேதி, விழா நடந்த தேதிக்கு முந்தைய நாள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் நைனாவின் தோஸ்து கோவிந்தன் தன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தார். சுந்தரம் அந்த நிச்சயத்துக்கு வந்து தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனவர். மாப்பிள்ளை வீட்டார் கம்பெனி மூடியதைக் கேட்டதும் பின்வாங்கிவிட்டார்கள்.

நைனா சுந்தரத்தை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஒரே மாடிப்படி. சுந்தரம் இறங்கினால் நைனா சுவரோடு ஒதுங்கி நின்று தரையைப் பார்ப்பார். ஒருநாள் சுந்தரம் படியிலேயே நின்று, எனக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள் முனுசாமி, சொல்லியிருந்தால் என்னையும் தூக்கியிருப்பார்கள் என்று கெஞ்சினார். நான் பின்னால் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். நைனா சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். நான் கல்லூரி முடிக்கும்வரை அந்தப் படியில் அது மாறவில்லை.

5

டெனிஸ் போய் இரண்டாவது வாரம், மதியம், பாஸ்கர் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். தெற்கே சான் டியேகோவில் ஒரு சின்னக் கம்பெனி அவனுக்கு வேலை தருவதாகக் கடிதம் கொடுத்திருந்தது. விசாவையும் அவர்களே மாற்றிக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். யாழினி இந்தப் பள்ளியை விட்டு வரமாட்டேன் என்று அழுகிறாள். ரேவதிக்கும் மனசில்லை. இந்தக் கம்பெனி பெரியது, விழுந்தாலும் எழுந்துகொள்ளும் என்று தோன்றுகிறது. இப்படி இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே வந்தவன் நின்றான்.

"நீ டெனிஸ்கிட்ட பேசினவ. உனுக்கு வாசனையாவது வந்திருக்கும். போவட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்லு ஜெயா, நான் கேட்டுக்கிறேன்."

வெயில் சுள்ளென்று அடித்தது. நான் கார்களின் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போ என்ற ஓர் எழுத்து போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

"அவசரப்படாத பாஸ்கர். யோசிச்சு செய்," என்றேன்.

பேசாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவசரப்படாதே என்றால் இரு என்றுதானே பொருள்? அவன் தலையாட்டினான். வெள்ளிக்கிழமை சான் டியேகோவுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டான். எழுதியதை என்னிடம் நிம்மதியாகச் சொன்னான்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, எங்கள் குழுவில் ஒன்பது பேரைப் பெரிய கூடத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு பேரைச் சின்ன அறைக்கு. சின்ன அறை கண்ணாடிச் சுவர் வைத்தது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். பாஸ்கர் மற்றவர்களோடு கூடத்துக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்தான். கூட்டத்திலிருந்து பிரித்துச் சின்ன அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால் வேலை போனது எனக்குத்தான் என்று நினைத்திருக்கிறான். நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நெஞ்சில் கை வைத்து, நான் இருக்கிறேன், கவலைப்படாதே என்பதுபோல் தலையசைத்துவிட்டுப் போனான்.

அந்த முகத்தை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். புதிய பிரிவில் சேர்வதற்கான ஒப்புதல். ஜெயலட்சுமி முனுசாமி என்று அச்சடித்திருந்த இடத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது பாஸ்கரின் மேசை காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு காவலாளி நின்றான்.

6

எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே வேலையும் விசாவும் ஒரே கயிறு. ஒன்று அறுந்தால் மற்றதும் அறுந்துவிடும். பாஸ்கர் சான் டியேகோவுக்குப் போன் செய்தான். அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள், இனி யாரையும் எடுப்பதாக இல்லை என்றார்கள். வக்கீலைப் பார்த்தான். குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் செய்து, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்ற குரலோடு அரைநாள் போராடினான். கடைசியில் பேசிய ஒரு பெண், உங்கள் நிலைமைக்கு இந்தப் பட்டியலில் எண் இல்லை என்று சொல்லிவிட்டாளாம். அதை என்னிடம் ஒரு நகைச்சுவை மாதிரி சொன்னான்.

கிளம்பும் நாளில் வீட்டுச் சாமான்களை நாங்களும் கூட நின்று கட்டினோம். நான் பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டே இருந்தேன், நிமிரவில்லை. எங்கள் அம்மாவுக்கென்று வாங்கிய கால்வலித் தைலத்தையும் மாத்திரையையும் ரேவதி தன் பையில் வைத்துக்கொண்டாள். யாழினிக்குத் திரும்பிப் போவது என்றால் என்னவென்றே புரியவில்லை. அவளுக்குச் சென்னை என்பது விடுமுறைக்குப் போகிற இடம். கதிர் அவளிடம், ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது வந்துவிடுவாய்தானே என்று கேட்டான்.

இரண்டு வாரம் கழித்து நைனா தைலத்தை வாங்கிக்கொள்ளப் புளியந்தோப்புக்குப் போனார். பாஸ்கர் அவரை உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறான். கள்ளமில்லாமல் எல்லாம் பேசியிருக்கிறான். ஜெயா தப்பித்தாள், அதுவே போதும், டெனிஸ் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாரே, அவர்தான் ஏதாவது செய்திருப்பார் என்று சொல்லியிருக்கிறான். சான் டியேகோ கதையையும், கார் நிறுத்துமிடத்தில் என்னைக் கேட்டதையும் சொல்லியிருக்கிறான். நைனா பஸ் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்ததாக அம்மா பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை மணி இரண்டு தடவை அடித்தது. கூப்பிட்டேன். அவர் தைலத்தைப் பற்றியோ என்னைப் பற்றியோ கேட்கவில்லை.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

முன்பு ஒருமுறை பொய் சொன்னேன். மறுபடி வரவில்லை.

"தெரியும் நைனா."

மறுமுனையில் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் வந்தது. போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் போனில் வரவில்லை. அம்மா ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொன்னாள். டூட்டிக்குப் போயிருக்கிறார், அவர் இப்போது திருவொற்றியூரில் கன்டெய்னர் அடுக்கி வைக்கிற யார்டில் வாட்ச்மேன். தூங்குகிறார். கோயிலுக்குப் போயிருக்கிறார். நைனா கோயிலுக்குப் போகிறவர் இல்லை. கதிர் பேசினால் மட்டும் வாங்கிப் பேசுவார். அவன் ஆங்கிலத்தில் சொல்வது அவருக்குப் புரியாது, அவர் சொல்வது இவனுக்குப் புரியாது. இருந்தும் இருவரும் ரொம்ப நேரம் பேசுவார்கள். நான் பக்கத்தில் நின்று அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

7

எங்கள் பச்சை அட்டை வந்தது. முரளிக்கு வேலை கிடைத்தது. அடுத்த கோடையில் கதிரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

விமான நிலையத்துக்கு நைனா வந்திருந்தார். என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார், கதிரைத் தோளில் தட்டினார். என்னிடம் பேசவில்லை. மூன்று நாள் அப்படியே போயிற்று. நான் சோறு போட்டால் சாப்பிட்டார், தண்ணீர் வைத்தால் குடித்தார். நான் மாடிப்படியில் இறங்கினால் அவர் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். சுந்தரத்துக்கு ஒதுங்கிய அதே ஒதுங்கல்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவராகவே வாயைத் திறந்தார்.

"பாஸ்கர் இன்னிக்கு வூட்ல கீறான். போயிட்டு வா."

கதிரையும் கூட்டிக்கொண்டு போனேன். வாரிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. பாஸ்கர் கொஞ்சம் இளைத்திருந்தான். நகரத்தின் தெற்கு முனையில் ஒரு கணினிக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். விடியுமுன் கிளம்பிப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ரேவதி பக்கத்துப் பள்ளியில் டீச்சர். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கெட்டுப்போய்விடவில்லை என்று அவனே சொன்னான். என்னைக் கண்டதில் இருவருக்கும் உண்மையான சந்தோஷம். யாழினி ஓடிவந்து, "இன்னாடா, இவ்ளோ ஒசரமாயிட்ட?" என்று கதிரைப் பார்த்துக் கேட்டாள். அவன் புரியாமல் என் முகத்தைப் பார்த்தான். அவள் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல முயன்று, பாதியில் சலித்துப்போய், பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ரேவதி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. தொட்டால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. டெனிஸ் கதவைச் சாத்தியதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். முரளி சொன்னதைச் சொல்லவில்லை, வாய் என்னுடையதுதானே. அவன் கேட்ட அன்று எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். சொல்லி முடித்தபோது ரேவதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பாஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும், கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் பேசியபோது குரல் உயரவே இல்லை.

"அன்னிக்கு உன் மூஞ்சியே சரியில்ல. உனுக்கு ஒடம்பு முடியலன்னு நெனச்சிகினேன். வூட்டுக்குப் போயி ரேவதிகிட்ட அதத்தான் சொன்னேன். அவதான் மெளகு ரசம் வெச்சி எடுத்தாந்து குடுத்தா."

எனக்கு நினைவு வந்தது. மூடி இறுக்கின ஒரு எவர்சில்வர் தூக்கு. அன்று மாலை அதைச் சோற்றில் ஊற்றி நான் சாப்பிட்டிருந்தேன்.

மன்னித்துவிடு என்று சொல்ல வந்தேன். அந்த வார்த்தையை எங்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அங்கே யாரும் யாரிடமும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் சொல்லலாம், அந்த வீட்டில் அது வாயில் வரவில்லை. டீ ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. எடுத்துக் குடித்துவிட்டுக் கதிரைக் கூப்பிட்டேன்.

பாஸ்கர் வாசல்வரை வந்தான். மரியாதைக்குக் குறைவில்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரிங்க, பார்த்துப் போங்க. படியில லைட்டு இல்ல," என்றான்.

கதிர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வெளியே பட்டப்பகல். தெருமுனையில் ஷேர் ஆட்டோக்காரர் எங்கே போகணும் என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் பதில் சொன்னேன்.

வீட்டில் நைனா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். கதிரை மேலே போகச் சொன்னார். நான் நின்றேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் நைனா."

"இன்னா சொன்னான்?"

"பார்த்துப் போங்கன்னான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"போங்கன்னா சொன்னான்?"

"ஆமாம்."

நைனா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு படியில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.